தபால் பெட்டியில் மாமனார்

"ரெண்டு தடவை அனுப்பிட்டோம். ரெண்டு தடவையும் திரும்பி வந்துடுச்சு" என்றாள் வெளிநாட்டார் அலுவலகத்துப் பெண்.

"நான் வீட்டுலதானே இருக்கேன்" என்றான் தணிகைவேல்.

"நீங்க வீட்டுல இருக்கறது பிரச்சினை இல்ல. உங்க பேர் பெட்டியில இல்ல."

"லெட்டர்ல என்ன இருக்குன்னு போன்லயே சொல்லிடுங்களேன்."

"நீங்கதான் தணிகைவேல் பொன்னம்பலம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொல்றேனே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

மூன்றாவது கடிதத்தை இருபத்தெட்டாம் தேதி அனுப்புவார்களாம். அவன் எந்த நாள் நேரில் வர வேண்டும் என்பது அதில் இருக்கும். அதுவும் திரும்பினால் கோப்பை மூடிவிடுவார்கள். கோப்பை மூடினால் விசா கிடையாது. ஊருக்குப் போக வேண்டியதுதான்.

தணிகைவேல் ஊருக்குப் போவதாக இல்லை. ஆறு மாதத்துக்கு முன், பிப்ரவரிக் கடைசியில், மதுரா இறந்துபோனாள். ஆய்வகத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தவள், மேஜையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாளாம். மூளையில் ரத்தக்கசிவு. சாம்பலைக் கையில் கொடுக்க இந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. லைப்சிக்கின் தெற்குப் பக்கக் கல்லறையில் ஒரு மரத்தடியில், இருபது வருடத்துக்கு, முழ அகல இடம் எடுத்திருந்தான். சனிக்கிழமைகளில் போய் நிற்பான். பேசுவதற்கு ஒன்றும் தோன்றாது. நின்றுவிட்டு வருவான்.

விசா அவள் வேலையை ஒட்டி வந்தது. அவளோடு போய்விட்டது. தனியாக விண்ணப்பித்திருந்தான். அவளை அங்கே தனியாக விட்டுவிட்டுப் போவதில்லை. ஆறு மாதத்தில் அவனாக எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

நான்கு வருடம் லைப்சிக்கில் இருந்தவன், லைப்சிக்கைக் கண்டுபிடிக்கத் தொடங்கியது மார்ச் மாதத்தில். பச்சை பாட்டிலும் பழுப்பு பாட்டிலும் ஒரே தொட்டியில் போகாது. ஞாயிற்றுக்கிழமை எந்த பாட்டிலும் எந்தத் தொட்டியிலும் போகாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாடிப்படியைத் துடைக்கும் முறை இந்த வீட்டுக்கும் உண்டு. சுவரில் இருக்கும் சூடேற்றியில் காற்றுப் பிடித்தால் திறந்துவிட ஒரு சின்னச் சாவி உண்டு. அது கரண்டிகளோடு கிடக்கும். மதுராவுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. தபால் பெட்டிச் சாவியும் அவள் கொத்தில்தான் இருந்தது.

கீழே இறங்கிப் பார்த்தான். இந்த ஊரில் கட்டடத்துக்குள் இருக்கும் வீடுகளுக்குத் தனி எண் கிடையாது. தெரு, கட்டடம், பெயர், அவ்வளவுதான். பெட்டியில் பெயர் இருந்தால் ஆள் உண்டு. பித்தளைத் தகட்டில் 'சங்கரலிங்கம்' என்று இருந்தது. அதன்கீழே முன்பு 'பொன்னம்பலம்' என்று ஒரு காகிதப் பட்டை இருந்தது. மதுரா தகட்டு எழுத்திலேயே அச்சடித்து ஒட்டியது. இப்போது அது இல்லை. எப்போது போனது என்று யோசித்துப் பார்த்தான். அந்தப் பெட்டியை அவன் நிமிர்ந்து பார்த்ததே மிகக் குறைவு.

சங்கரலிங்கம் அவன் மாமனார். மதுராவின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் நின்றது. வாடகை ஒப்பந்தம் அவள் பெயரில். ஆகவே கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் ஃப்ராவ் சங்கரலிங்கம், திருமதி சங்கரலிங்கம். அவள் புருஷன் வேறு யாராக இருக்க முடியும்? வந்த முதல் வாரமே மேல்வீட்டுக் கிழவர் அவனை "காலை வணக்கம், ஹெர் சங்கரலிங்கம்" என்றார்.

மதுரா படியில் உட்கார்ந்து சிரித்தாள். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா அங்கேயே மயங்கி விழுந்துடுவார்."

திருத்தியிருக்கலாம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். நான்கு வருடம், தன்னை மருமகன் என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத மனிதரின் பெயரில், ஊர் முழுக்க வணக்கம் வாங்கிக்கொண்டிருந்தான்.

முதலில் சுலபமான வழியைத்தான் பார்த்தான். ஒரு வெள்ளைத்தாளில் தன் பெயரை எழுதிப் பெட்டியில் ஒட்டினான். மறுநாள் சாயங்காலம் அது இல்லை. கட்டடத்தைப் பராமரிக்கும் ஹெர் ராபே கையில் சுரண்டியோடு நின்றிருந்தார்.

"யாரோ காகிதம் ஒட்டியிருக்கான், ஹெர் சங்கரலிங்கம். காட்டுமிராண்டிங்க."

"நான்தான் ஒட்டினேன்."

ராபே அவனை ஒரு புது ஆளைப் போலப் பார்த்தார். "நீங்களா? பன்னெண்டு பெட்டி, பன்னெண்டு தகடு, எல்லாம் ஒரே எழுத்து. அதுல போய்க் காகிதமா?"

"முன்னாடியும் ஒரு காகிதம் இருந்துச்சே. அதை நீங்களா எடுத்தீங்க?"

"கண்ணுல பட்டிருந்தா எடுத்திருப்பேன்" என்றார் ராபே பெருமையாக. "தகடு வேணும்னா நிர்வாகத்துக்கு எழுதுங்க. தபால்ல."

நிர்வாக அலுவலகம் நான்கு தெரு தள்ளி இருந்தது. தபாலில் எழுதினான். பத்து நாளாகப் பதில் இல்லை. போன் செய்தான்.

எடுத்தவள் பெயர் ஃப்ராவ் வெண்ட். குரலில் ஜலதோஷம். "பதில் அன்னிக்கே போட்டாச்சே. 'அப்படி ஒருத்தர் இங்க இல்ல'ன்னு திரும்பி வந்துடுச்சு."

"பெட்டியில என் பேர் இல்ல. அதனாலதான் திரும்பி வந்தது. அதுக்குத்தானே எழுதினேன்."

"புரியுது. ஆனா பேர் இல்லாத ஆளுக்கு நாங்க எப்படித் தகடு போடறது? நீங்க அங்க வசிக்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"இப்ப அங்கேருந்துதான் பேசறேன்."

"போன் எங்கேருந்து வேணா பேசும்" என்று அவள் மூக்கைச் சிந்தினாள். "லெட்டர் திரும்பி வந்ததை வழக்கப்படி குடியிருப்புப் பதிவு அலுவலகத்துக்கும் தெரிவிச்சிட்டோம். உங்க பேர்ல யாரும் அந்த வீட்டுல இல்லைன்னு."

போன வாரம் வரை அவன் பெயர் பெட்டியில் மட்டும்தான் இல்லாமலிருந்தது. இந்த வாரம் ஊரிலேயே இல்லை.

அலுவலகத்தில் சாப்பாட்டு வேளையில் இர்ஃபானிடம் சொன்னான். வாணியம்பாடிக்காரன். அடுத்த மேஜை. அவன் சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தான். பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டான். பிறகு மறுபடி சிரித்தான்.

"தபால் கொண்டு வர்றவங்களைப் பிடிச்சு நேரா சொல்லுடா. லெட்டர் கையில குடுத்துருவாங்க."

"நான் வேலைக்கு வந்தப்புறம்தான் தபாலே வருது."

"லீவு போடு."

லீவு போட்டான். காலை ஒன்பது மணியிலிருந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். பதினொன்றரைக்கு ஒரு ஆள் வந்தார். வழக்கமாக வரும் ஃப்ராவ் பெட்சோல்ட் மூன்று வாரம் கடற்கரைக்குப் போயிருக்கிறாராம். இவர் மாற்று ஆள். காதில் பாட்டு. தணிகைவேல் தன் பெயரைச் சொன்னான்.

அவர் ஒரு காதை மட்டும் திறந்தார். "பெட்டியில இருக்கா?"

"இல்ல."

"அப்ப இல்ல" என்று காதை மூடிக்கொண்டார்.

அன்றைக்கு வந்த தபால் மூன்றும் மதுராவுக்கு. பல் மருத்துவர் அவளை வருடாந்தரப் பரிசோதனைக்கு அழைத்திருந்தார். நூலகம் அவளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லியிருந்தது. ஒரு செருப்புக் கடை அவளை இழந்துவிட விரும்பவில்லை என்று எழுதியிருந்தது.

"டேய், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத" என்றான் இர்ஃபான் மறுநாள். "மதுரா இறந்தது நிர்வாகத்துக்குத் தெரியுமா?"

"இல்ல."

"சொல்லலையா?"

"சொன்னா அவ பேரை எடுத்துருவாங்க."

இர்ஃபான் தயிர்சாதத்தைக் கிளறினான். "சரி. அப்ப அவங்க கணக்குல அவ உசுரோட இருக்கா. வாடகைக்காரி அவ. 'என் வீட்டுல இன்ன ஆள் இருக்கார், பேர் போடுங்க'ன்னு அவ எழுதினா போட்டுத்தானே ஆகணும்?"

"அவ எப்படிடா எழுதுவா?"

இர்ஃபான் பேனாவை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினான்.

மதுராவின் கையெழுத்தைப் போட முதலில் கை வரவில்லை. பழைய காசோலை ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தான். 'ம'வுக்குக் கீழே அவள் ஒரு சுழி போடுவாள். நான்கு வருடம் கூட இருந்து, அந்தச் சுழி இடமிருந்து வலமா வலமிருந்து இடமா என்று அவனுக்குத் தெரியவில்லை. பதினோராவது தடவையில் வந்தது. அதற்கு முந்தைய பத்தையும் அவன் கிழிக்கவில்லை. மடித்து வைத்துக்கொண்டான்.

உயிரோடு இருப்பவனுக்குப் பத்து நாளாக வராத பதில், செத்தவளுக்கு மூன்றே நாளில் வந்தது. 'மதிப்புக்குரிய ஃப்ராவ் சங்கரலிங்கம்' என்று அன்பாக ஆரம்பித்தது. திரு. பொன்னம்பலம் என்பவரைத் தாங்கள் வீட்டில் சேர்த்துக்கொள்ள எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தாங்கள் மணமானவர் என்று எங்கள் கோப்பு சொல்வதால், தங்கள் கணவர் திரு. சங்கரலிங்கத்தின் சம்மதக் கையெழுத்தையும் இணைத்து அனுப்பவும்.

இர்ஃபான் அதை இரண்டு தடவை படித்தான். "மச்சான், உன்னை உன் வீட்டுல வச்சுக்க உன் மாமனார் சம்மதிக்கணும்."

"ம்."

"ஊரே உன்னைத்தான் ஹெர் சங்கரலிங்கம்னு கூப்பிடுது. நீயே போட்டுத் தொலை."

ஏற்கெனவே ஒரு கையெழுத்துப் போட்டாயிற்று. குடும்பத்தில் இன்னொருவருடையதையும் போட அவனுக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கோவில்பட்டிக்குப் போன் செய்தான். காரியத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"சொல்லுங்க தம்பி" என்றார் சங்கரலிங்கம். மாப்பிள்ளை என்ற வார்த்தை அவர் வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

விஷயத்தைச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.

"அப்பம் அங்க எல்லாரும் ஒங்களை எம் பேரைச் சொல்லியா கூப்புடுதாங்க?"

"ஆமா மாமா."

"நாலு வருசமாவா?"

"ஆமா."

"கல்யாணத்துக்கே நான் கையெழுத்துப் போடல, தம்பி. இதுக்குப் போடுவேனா?" என்றார். குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "எம் பொண்ணு சாம்பலைக்கூட நான் கண்ணால பாக்கல. அது அவ வீடு. அங்க நீங்க இருக்கணுமா வேண்டாமான்னு அவதான் சொல்லணும். நான் யாரு?"

வைத்துவிட்டார்.

சங்கரலிங்கத்தின் கையெழுத்தைத் தணிகைவேல் தானே போட்டான். மாமனார் கையெழுத்து எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. கோபமாக இருக்கும் என்று ஊகித்து, அழுத்திப் போட்டான்.

அழுத்தியது போதவில்லை. சந்தேகம் எழுந்திருப்பதால் திரு. சங்கரலிங்கம் பாஸ்போர்ட்டுடன் இருபத்தேழாம் தேதி நேரில் வர வேண்டும் என்று மதுராவுக்கு அடுத்த கடிதம் வந்தது. மறுநாள் விசாக் கடிதம் கிளம்பிவிடும். வேறு வழியில்லை. போனான்.

ஃப்ராவ் வெண்டுக்கு இன்னும் ஜலதோஷம் விட்டபாடில்லை. சிரித்த முகம். "வாங்க ஹெர் சங்கரலிங்கம். உட்காருங்க." பாஸ்போர்ட்டைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"இது ஹெர் பொன்னம்பலத்தோடது."

"நான்தான் பொன்னம்பலம்."

"அப்ப ஹெர் சங்கரலிங்கம் எங்க?"

"கோவில்பட்டியில."

"அது எங்க இருக்கு?"

"தூரம்."

"மனைவியை இங்க விட்டுட்டா போயிருக்கார்?"

"அவ அவரோட மனைவி இல்ல. மகள். என் மனைவி."

ஃப்ராவ் வெண்ட் பேனாவைக் கீழே வைத்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க குடும்ப விஷயத்துல நான் தலையிடல. ஃப்ராவ் சங்கரலிங்கத்தையே நேர்ல வரச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

தணிகைவேல் பையைத் திறந்து, நான்காக மடித்திருந்த காகிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தான். ஆறு மாதமாக அதை யாருக்கும் காட்டியதில்லை.

அவள் இறப்புச் சான்றிதழைப் படித்தாள். பிறகு கோப்பிலிருந்து மதுராவின் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல பிப்ரவரின்னு இருக்கு."

"ஆமா."

"இது போன வாரம் எழுதினது."

"ஆமா."

அறையில் யாரோ காப்பி இயந்திரத்தை அமுக்கும் சத்தம். ஃப்ராவ் வெண்ட் மதுராவின் கடிதத்தையும் சங்கரலிங்கத்தின் சம்மதத்தையும் எடுத்து, சத்தம் வராமல் மெதுவாகக் கிழித்து, காகிதக் குப்பைக்கான நீலத் தொட்டியில் போட்டாள். சரியான தொட்டிதான். இப்போது அவனுக்கு அது தெரியும்.

"எனக்கு ஜலதோஷம். கண்ணெல்லாம் தண்ணி. நான் ஒண்ணும் படிக்கல" என்றாள். "முதல் நாளே இதைக் காட்டியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். புருஷன் பேருக்கு ஒப்பந்தம் தானா மாறும். நாளைக்கே ராபே தகட்டை மாத்திடுவார்."

"ரெண்டு பேரும் இருக்கட்டுமே."

"வசிக்கறவங்க பேர் மட்டும்தான், ஹெர் பொன்..." மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொண்டாள். "பொன்னம்பலம்."

இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொல்லி ஒருவர் அவன் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ராபே பழைய தகட்டைக் கழற்றினார். தணிகைவேல் பக்கத்திலேயே நின்றான். "பழைய பித்தளையை நாங்க திரும்ப எடுத்துக்கணும். விதி" என்றார் ராபே. பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "விதியை எழுதினவன் இங்க இல்ல" என்று அதை அவன் கையில் வைத்தார். புதுத் தகடு பளபளவென்று இருந்தது. நான்கு திருகாணிகள். சுரண்டினாலும் வராது.

அன்று இரவு அவன் தூங்கினான். பல மாதங்களுக்குப் பிறகு. பிப்ரவரியைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தூங்கினான். பிப்ரவரியில் மதுரா அதிகம் பேசவில்லை. லைப்சிக்கில் பிப்ரவரியில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

முப்பதாம் தேதி, சனிக்கிழமை. கல்லறைக்குப் போகாமல் பெட்டியருகே நின்றான். கடிதம் கையில் வந்ததும் போய் அவளிடம் காட்டலாம் என்று இருந்தான். பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. 'நானே எல்லாம் பண்ணினேன். பெட்டி, தகடு, ஆபீஸ், எல்லாம்' என்று சொல்லலாம்.

பதினொரு மணிக்கு மஞ்சள் சைக்கிள் வந்து நின்றது. ஃப்ராவ் பெட்சோல்ட் கடற்கரையிலிருந்து திரும்பியிருந்தாள். ஐம்பது வயது, மூக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"ஹெர் சங்கரலிங்கம்!" சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களை நேர்ல பார்க்கவே முடியல. உங்க மனைவி... என்ன சொல்றதுன்னே தெரியல. என்கிட்ட எப்பவும் நின்னு பேசுவாங்க. இந்தக் கட்டடத்துல அப்படிப் பேசறவங்க வேற யாரும் இல்ல."

"நன்றி" என்றான். அவன் கண் அவள் கையிலிருந்த கட்டின்மேல் இருந்தது. மேல்வீட்டுக் கிழவரின் பத்திரிகைக்கு அடியில், அரசாங்க முத்திரையோடு ஒரு உறை நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடித்தாள் சன்னலுக்குள் அவன் பெயர். முழுப் பெயர்.

கையை நீட்டினான்.

ஃப்ராவ் பெட்சோல்ட் உறையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். புதுத் தகட்டைக் கண்டதும் அவள் முகம் மாறியது. உறையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இந்தப் பேரை இங்க யார் மாட்டினது?"

"நிர்வாகத்துல."

"விவரங்கெட்டவங்க!" குரலைத் தாழ்த்தி, படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "அந்த ஆள் மறுபடி வந்துட்டானா? அவங்க போனது தெரிஞ்சுதான் வந்திருக்கான். உங்களைத் தொந்தரவு பண்றானா?"

"எந்த ஆள்?"

அவள் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"பயப்படாதீங்க ஹெர் சங்கரலிங்கம், இந்த பொன்னம்பலம் பேரை பிப்ரவரியில உங்க மனைவியே இதே இடத்துல நின்னு நகத்தால சுரண்டி எடுத்துட்டு, 'இந்த மனுஷனோட இனி என்னால வாழ முடியாது, அவன் பேருக்கு எது வந்தாலும் திருப்பிடுங்க'ன்னு அழுதாங்க, அன்னிலேருந்து ஒண்ணு விடாம நான் திருப்பிட்டுத்தான் இருக்கேன், லீவுல போறப்பகூட மாத்தாள்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்."